ஆய்வேட்டுக்கு ஒரு தனி விக்கி

முனைவர் பட்ட ஆய்வில் படிப்பதைவிடக் கடினமான வேலை, படித்ததைத் தேவைப்படும் நேரத்தில் தேடி எடுப்பது. முதலாண்டில் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு கோப்பைப் பார்த்துக் குறிப்பெடுத்திருப்போம். நான்காம் இயல் எழுதும்போதுதான் அது வேண்டியிருக்கும். அதற்குள் அந்தக் குறிப்பு எந்த நோட்டில் இருக்கிறது, கைப்பேசியில் எடுத்த படங்களுக்கிடையே புதைந்துவிட்டதா, நெறியாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலோடு போய்விட்டதா என்பது மறந்திருக்கும். 'எங்கோ படித்தேன்' என்று அடிக்குறிப்பு போட முடியாது.

இந்தச் சிக்கலுக்குப் பலர் பல வழிகளைச் சொல்வார்கள். அவற்றில் எனக்கு மிகவும் பொருத்தமாகப்படுவது தனி விக்கி. கணினி அறிவு அதிகம் வேண்டியதில்லை. விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் படித்துப் பழகியவருக்கு இதன் அடிப்படை ஏற்கெனவே தெரியும்.

விக்கியை உருவாக்கியவர் வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர். மென்பொருள் வடிவமைப்பாளர்கள் தங்கள் அனுபவங்களைப் பதிந்துவைக்க 1995 மார்ச்சில் அவர் ஒரு தளம் அமைத்தார். அதில் இரண்டு ஏற்பாடுகள் புதியவை. எந்தப் பக்கத்தையும் படித்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கும் இப்போதே இணைப்புக் கொடுத்துவைக்கலாம். முதலாவதன் பலனாகத்தான் 2001இல் விக்கிப்பீடியா பிறந்தது. உலகமும் அதைப் பற்றியே பேசுகிறது. ஆய்வாளருக்குப் பயன்படுவது இரண்டாவது. தனி விக்கியில் கூட்டம் கிடையாது. எழுதுபவரும் நீங்கள், திருத்துபவரும் நீங்கள், படிப்பவரும் நீங்கள். எஞ்சி நிற்பவை சின்னச் சின்னப் பக்கங்களும் அவற்றுக்கிடையே நீங்கள் போடும் இணைப்புகளும்தான்.

இப்படிப் பொதுவாகச் சொன்னால் விளங்காது. ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். தலைப்பு, தாது வருஷப் பஞ்சம்: 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் நிவாரணப் பணிகளில் கொடுக்கப்பட்ட கூலியைப் பற்றி ஒருவர் ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய விக்கியில் ஒரு பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

டெம்பிள் கூலி
1877 தொடக்கத்தில், பஞ்சத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய அதிகாரி [[ரிச்சர்ட் டெம்பிள்]] பரிந்துரைத்தது. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதோடு கொஞ்சம் காசு. பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் [[கார்னிஷ்]] எதிர்த்தார்: குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியமும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். பத்திரிகையில் [[டிக்பி]]யும் எதிர்த்து எழுதினார். 1877 மார்ச்சில் சென்னை அரசு ஒன்றேகால் பவுண்டாக உயர்த்திப் பருப்பும் சேர்த்தது.
என் கேள்வி: இந்த உத்தரவு [[நிவாரண முகாம்]]களுக்கு எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது?

இரட்டைச் சதுர அடைப்புக்குள் இருப்பவை இணைப்புகள். டெம்பிளுக்கும் கார்னிஷுக்கும் பக்கங்கள் ஏற்கெனவே உண்டு. சொடுக்கினால் அங்கே போகும். 'நிவாரண முகாம்' பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. மென்பொருள் அதை வேறு நிறத்திலோ மங்கலாகவோ காட்டும். சொடுக்கினால் வெற்றுப் பக்கம் ஒன்று திறக்கும். அங்கேயே எழுதத் தொடங்கலாம். அதுவரை அது செய்ய வேண்டிய வேலையின் அடையாளமாக நிற்கும். எழுதப்படாத ஒரு பக்கத்தைப் பத்துப் பதினைந்து இடங்களிலிருந்து நீங்கள் சுட்டியிருந்தால், அடுத்து எதைப் படிக்கப் போக வேண்டும் என்று நெறியாளரைக் கேட்கவே வேண்டாம்.

இப்போது அதே கார்னிஷ் பக்கத்துக்குப் போங்கள். பெரும்பாலான விக்கி மென்பொருள்களில், அந்தப் பக்கத்தை எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்ற பட்டியல் தானாகவே கிடைக்கும். தமிழ் விக்கிப்பீடியாவில் 'இப்பக்கத்தை இணைத்தவை' என்று பார்த்திருப்பீர்களே, அதே வசதிதான். இதை யாரும் உட்கார்ந்து தயாரிக்க வேண்டியதில்லை. நீங்கள் போகிற போக்கில் போட்ட இணைப்புகளை மென்பொருள் திருப்பிப் போட்டுக் காட்டுகிறது.

இதன் அருமை மெதுவாகத்தான் தெரியும். டெம்பிளையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாண்டில் பின்னணிக்காக 1873–74 பீகார் பஞ்சத்தைப் பற்றிப் படித்தீர்கள். அங்கே நிவாரணத்துக்கு அள்ளிக் கொடுத்தார், பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்தார், அளவுக்கு மீறிச் செலவழித்தார் என்று கண்டனத்துக்கு ஆளானார். அதை ஒரு பக்கமாக எழுதி அவர் பெயருக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு மறந்துபோனீர்கள். நெடுநாள் கழித்து ஒரு பவுண்டு கூலியைப் பற்றி எழுதும்போது அவருடைய பக்கத்தைத் திறந்தால், பீகாரும் சென்னையும் பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. பீகாரில் தாராளமாகச் செலவழித்து வாங்கிக் கட்டிக்கொண்டவர் சென்னையில் ஏன் இப்படிக் கையை இறுக்கினார் என்ற கேள்வி அப்போது கட்டாயம் எழும். வரலாற்றாசிரியர்கள் இதைப் பேசாமல் இல்லை. ஆனால் உங்கள் சொந்தக் குறிப்புகளே அந்தக் கேள்வியை எழுப்பும்போது ஓர் இயலுக்கு வாதம் கிடைத்துவிடுகிறது.

'இதையே கோப்புறைகளில் வைத்துக்கொண்டால் ஆகாதா?' என்று கேட்கலாம். கோப்புறை என்பது அஞ்சறைப் பெட்டி. கடுகு ஓர் அறையில்தான் இருக்க முடியும். பக்கிங்காம் கால்வாய் எந்த அறைக்குப் போகும்? சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதி, 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதனால் 'நிவாரணப் பணிகள்' கோப்புறையில் போடலாம். ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைத் தாங்கியிருப்பதால் 'ஆட்சியாளர்கள்' என்பதிலும் போடலாம். 'நீர்வழிகள்', 'சென்னை நகரம்' என்றும் வாதாடலாம். விக்கியில் அந்தத் தகராறே இல்லை. பக்கம் ஒன்று, அதை நான்கு பக்கங்களும் சுட்டலாம், நாற்பது பக்கங்களும் சுட்டலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் குறிப்பெடுப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 'தேடல் பெட்டி இருக்கும்போது இணைப்பு எதற்கு?' என்பது ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு ஓரளவு நியாயமான கேள்வி. தமிழில் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்கும்போது உருமாறுகின்றன. 'பஞ்சம்' என்று தேடினால் 'பஞ்சத்தில்', 'பஞ்சத்தால்' என்று எழுதிய வரிகள் வராது. 'பஞ்ச' என்று தேடினால் பஞ்சாயத்தும் பஞ்சாங்கமும் சேர்ந்து வரும். ஆங்கில ஆவணங்களிலிருந்து எடுத்த குறிப்பாக இருந்தால் அங்கே பஞ்சம் என்ற சொல்லே இராது. அதிகாரிகள் 'டிஸ்ட்ரஸ்' என்றும் 'ஸ்கேர்சிட்டி' என்றும் எழுதிவைத்திருப்பார்கள். இணைப்பு இந்தத் தொல்லைகளைத் தாண்டிச் செல்கிறது. எழுதும்போதே 'இது அதைப் பற்றியது' என்று நீங்கள் முடிச்சுப் போட்டுவிடுகிறீர்கள்.

உருபு ஏற்ற சொல்லை இணைப்பாக்குவது எப்படி? பெயர் மாறாமல் நின்றால் உருபை அடைப்புக்கு வெளியே ஒட்டிவிடலாம்: [[சேலம் மாவட்டப் பணிகள்]]இல் என்று எழுதினால் கொஞ்சம் கோணலாக இருக்கும், ஆனால் [[மதுரை]]யில் என்பது அழகாகவே அமையும். பெயரே திரிந்தால் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட வேண்டும்: [[பக்கிங்காம் கால்வாய்|கால்வாயை]] என்று எழுதினால் படிக்கும்போது 'கால்வாயை' என்று மட்டும் தெரியும், சொடுக்கினால் உரிய பக்கம் திறக்கும். ஓரிரு நாளில் கை பழகிவிடும்.

பெயர்கள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. ஆவணங்களில் திருநெல்வேலி 'டின்னவெல்லி' என்றும் திருச்சி 'டிரிச்சினாபோலி' என்றும் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம் உருவாக்கினால் செய்தி சிதறிப்போகும். விக்கிப்பீடியாவில் 'வழிமாற்று' இருப்பதுபோல, தனி விக்கிகளில் ஒரு பக்கத்துக்கு மாற்றுப் பெயர்களைப் பதிய வசதி இருக்கிறது. இல்லாவிட்டாலும் 'டின்னவெல்லி' என்ற பக்கத்தில் 'பார்க்க: [[திருநெல்வேலி]]' என்ற ஒரே வரியைப் போட்டுவைத்தால் போதும். தொடக்கத்திலேயே 'பெயர் மரபு' என்று ஒரு பக்கம் வைத்து, இன்னாரை இப்படித்தான் எழுதுவேன் என்று பதிந்துகொள்வது நல்லது. ஆய்வேட்டின் இறுதியில் பெயர்களை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் பக்கம் பல இரவுகளை மிச்சப்படுத்தும்.

கணினித் தமிழுக்கே உரிய ஒரு கண்ணிவெடியும் இருக்கிறது. 'சௌகார்பேட்டை' என்பதில் வரும் ஔகாரக் குறியை ஒற்றைக் குறியாகத் தட்டலாம். பலர் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். விளைவு, ஒரே பெயரில் இரண்டு பக்கங்கள் உருவாகி, ஒன்றில் போட்ட குறிப்பு மற்றதில் தெரியாது. யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிய பழைய கோப்புகள் இன்னும் மோசம்; அவற்றை யூனிகோடாக மாற்றாமல் விக்கிக்குள் கொண்டுவருவதில் பயனே இல்லை. இணைப்பைக் கையால் முழுக்கத் தட்டாமல், இரண்டு அடைப்புக்குறி போட்டதும் மென்பொருள் காட்டும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லையில் பாதி தீர்ந்துவிடும்.

ஒரு பக்கத்தில் என்ன எழுதுவது என்பதுதான் மென்பொருளைவிடப் பெரிய கேள்வி. மூன்று வகைச் சரக்கு வரும்: மூல ஆவணத்தின் சொற்கள், அவற்றை நீங்கள் உங்கள் நடையில் சுருக்கியது, உங்கள் சொந்தக் கருத்து. மூன்றும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் நல்ல வாக்கியமாகத் தெரிகிற எல்லாமே நாம் எழுதியதுபோலத் தோன்றும். மனித இயல்பு அப்படி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டியிருக்கும். 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். உரிய முறையில் சுட்டிய மேற்கோள் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே மேற்கோளுக்கு மேற்கோள்குறியும் பக்க எண்ணும் அங்கேயே, அப்போதே. சொந்தக் கருத்துக்கு முன்னால் 'என் கருத்து' என்றோ ஒரு நட்சத்திரக் குறியோ போடுங்கள். எந்தக் குறி என்பது பொருட்டல்ல, மாற்றாமல் இருப்பதுதான் வேண்டும்.

நூல் விவரங்களை விக்கியில் சுமக்க வேண்டாம். அதற்கென்று ஜொட்டேரோ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் அங்கே. விக்கியில் அந்த நூலுக்கு ஒரு குறுஞ்சாவி மட்டும் போதும். பஞ்ச காலத்தில் சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய நூலுக்கு 'டிக்பி1878' என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் அதையும் தொகுதி, பக்க எண்களையும் இடலாம். காப்பகக் கோப்புகளுக்கு வேறு முறை தேவை. காப்பகத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் தேதியையே தலைப்பாக வைத்து ஒரு பக்கம் திறங்கள். துறை, அரசாணை எண், நாள், எடுத்த படத்தின் கோப்புப் பெயர் எல்லாம் அதில் வரிசையாக ஏறட்டும். பிற பக்கங்கள் அந்த நாள் பக்கத்தைச் சுட்டட்டும். கோப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகு எண்ணை நினைவிலிருந்து எழுத முயல்பவர்கள் மறுபடியும் எழும்பூருக்கு டிக்கெட் எடுக்க வேண்டிவரும்.

மென்பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன. டிட்லிவிக்கியை 2004இல் ஜெரமி ரஸ்டன் உருவாக்கினார். முழு விக்கியும் ஒரே எச்டிஎம்எல் கோப்பு. உலாவியில் திறந்தால் போதும், பென்டிரைவில் போட்டுக்கொண்டு எங்கும் போகலாம். ஆனால் உலாவியில் திறந்த பக்கம் தன் விருப்பத்துக்குக் கணினியில் எழுத உலாவி அனுமதிக்காது; சேமிக்கும்போதெல்லாம் புதிய பிரதி பதிவிறங்கும் அல்லது அதற்கென்று துணை நிரல் தேவைப்படும். ஜிம் என்ற விக்கி எளிமையானது, இலவசமானது, ஒவ்வொரு பக்கத்தையும் தனி டெக்ஸ்ட் கோப்பாக வைக்கிறது. பழைய மடிக்கணினியிலும் ஓடும். அப்சிடியன் 2020இல் வந்தது. இன்று பலரும் பயன்படுத்துவது இதுதான். இதன் நிரல் திறமூலமல்ல. ஆனால் உங்கள் எழுத்து மார்க்டவுன் என்ற சாதாரண உரைக் கோப்புகளாக உங்கள் கணினியிலேயே கிடக்கிறது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியைச் சொந்தக் குறிப்புக்காக நிறுவுவது வீண் வேலை. அதற்குச் சர்வரும் தரவுத்தளமும் வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு சோதனை செய்துபாருங்கள். அந்த மென்பொருளை நீக்கிவிட்டு, நோட்பேடில் உங்கள் குறிப்புகளைத் திறந்து படிக்க முடிகிறதா? முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு ஐந்தாறு ஆண்டு நீளும். மென்பொருள் நிறுவனங்கள் அவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விக்கிக்காரர்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடும் பெயர் ஒன்று உண்டு: ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன். ஏறத்தாழ 90,000 குறிப்பட்டைகளை எண்ணிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுட்டிகள் எழுதி, அந்தப் பெட்டிகளிலிருந்து நூல் நூலாக எழுதித் தள்ளினார். கணினியே இல்லாத விக்கி என்று அதைச் சொல்லலாம். அவர் 1998இல் மறைந்த பிறகு அந்த அட்டைகளை பீலஃபெல்ட் பல்கலைக்கழகம் எண்மமாக்கி வருகிறது. நல்ல முன்னுதாரணம்தான். ஆனால் அவர் அதைப் பல பத்தாண்டுகள் வளர்த்தார். மானியக் குழுவின் 2022 விதிமுறை நமக்குக் கொடுப்பது பொதுவாக ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. உலகத்தையே அட்டையில் ஏற்றும் திட்டம் நமக்குக் கட்டுப்படியாகாது. ஆய்வேட்டில் இடம்பெற வாய்ப்புள்ளவற்றுக்கு மட்டும் பக்கம் திறப்பது நல்லது.

ஏனென்றால் விக்கியில் ஓர் ஆபத்து இருக்கிறது. அது எழுதுவதுபோலவே தோன்றும். பக்கங்களுக்குத் தலைப்பு மாற்றலாம், குறிச்சொல் ஒட்டலாம், நிறம் மாற்றலாம். இணைப்புகளையெல்லாம் புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்து காட்டும் வரைபடத்தைப் பார்த்து மகிழலாம். பார்க்க அது விண்மீன் கூட்டம்போல அழகாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஒருவர் ஒரு பத்தி எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மாலை முழுதும் இப்படிப் போய்விடும்; இயலில் ஒரு வரி ஏறியிருக்காது.

விக்கிக்கு வரிசை கிடையாது. ஆய்வேடோ முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். ஒவ்வோர் இயலுக்கும் ஒரு பக்கம் திறந்து, இயலின் வாதத்தை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள். அதன்கீழே பயன்படுத்தப்போகும் பக்கங்களின் இணைப்புகளை எந்த வரிசையில் வர வேண்டுமோ அந்த வரிசையில் அடுக்குங்கள். நம் எடுத்துக்காட்டில் 'கூலி' இயலுக்கு பீகார், டெம்பிள், டெம்பிள் கூலி, கார்னிஷ், மார்ச் திருத்தம், முகாம்கள் என்று அமையலாம். இணைப்புக்கும் இணைப்புக்கும் நடுவே 'ஆகவே', 'ஆனாலும்', 'இதற்கிடையே' என்று ஒரு சொல் போட்டுப் பாருங்கள். எந்தச் சொல்லும் பொருந்தாத இடத்தில் வாதம் அறுந்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை இயல் எழுதத் தொடங்கும் முன்பே கண்டுபிடிப்பது மலிவு.

பிறகு வேர்டிலோ லிப்ரே ஆபீசிலோ வெற்றுக் கோப்பைத் திறந்து, ஒரு பக்கம் விக்கி, மறுபக்கம் இயல் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். விக்கிப் பக்கங்களை வெட்டி ஒட்டி இயலாக்க முயன்றால் துணுக்குத் தோரணம்தான் கிடைக்கும். பான்டாக் போன்ற கருவிகள் மார்க்டவுனை வேர்டு கோப்பாக மாற்றித்தரும், மேற்கோள்களையும் ஒழுங்குபடுத்தும். விக்கிக்குள்ளேயே இயலை எழுத விரும்புபவர்கள் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் நெறியாளர் திருத்தத் தொடங்கிவிட்ட பிறகு இயலின் அசல் வேர்டில்தான் இருக்க வேண்டும். அவர் சிவப்பு மையில் கேட்ட கேள்விகளை மட்டும் விக்கியில் ஒரு பக்கத்தில் தேதியோடு பதிந்து, எதற்கு என்ன செய்தீர்கள் என்று எதிரே எழுதிவையுங்கள். மாற்றச் சொன்னதும் அவரே, ஏன் மாற்றினாய் என்று கேட்பதும் அவரே என்ற நிலை எல்லா நெறியாளர்களிடமும் ஒரு முறையாவது வரும்.

ஒன்றோடொன்று முரண்படும் தரவுகளுக்கு விக்கி மிக நல்ல இடம். இந்தப் பஞ்சத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் மதிப்பீடுகள் ஒத்துப்போவதில்லை. 1871, 1881 குடிக்கணக்குகளை ஒப்பிட்டுச் சொல்பவர்கள் உண்டு. பதிவான இறப்புகளை வைத்துச் சொல்பவர்களும் உண்டு. எது சரி என்று உடனே முடிவு கட்டாமல் 'இறப்பு எண்ணிக்கை' என்ற பக்கத்தில் ஒவ்வோர் எண்ணையும், அது யாருடையது, எந்தப் பகுதிக்கு, எந்த ஆண்டுகளுக்கு என்ற விவரத்தோடு அடுக்கிக்கொண்டே வரலாம். மைசூரையும் பம்பாயையும் சேர்த்த எண்ணா, சென்னை மாகாணம் மட்டுமா என்பது அங்கே பளிச்சென்று தெரியும்.

கடைசியாக, காப்புப் பிரதி. உரைக் கோப்புகள் இடம் அடைக்காது. ஆண்டுக்கணக்கான குறிப்பும் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். வாரம் ஒரு முறை முழுக் கோப்புறையையும் தேதியிட்டு ஒரு வெளி வன்தட்டில் போடுங்கள். இணையச் சேமிப்பில் தானாக ஒத்திசைவாவதை மட்டும் நம்பக் கூடாது. இங்கே தவறுதலாக அழித்தால் அது அங்கேயும் ஒழுங்காக அழித்துவிடும். காப்பகத்தில் எடுத்த படங்கள் மட்டும் பெரியவை. அவற்றை விக்கிக் கோப்புறைக்குள் திணிக்காமல் தனியே வைத்து, கோப்புப் பெயரை மட்டும் நாள் பக்கத்தில் குறித்தால் போதும்.